வுழுவுக்காகக் காத்திருந்த நீதிமன்றம்

என் கணவர் உல்லாசப் பயணக் கப்பலொன்றில் சமையற்காரராக இருந்தார். நம்முடைய புத்தளம் டவுனையே அதற்குள் தூக்கி வைக்கலாம் என்பார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி அந்தக் கப்பலைப் படுக்க வைத்தது. பயணிகள் வாந்தியும் வயிற்றோட்டமுமாக விழுந்தார்கள். எந்தத் துறைமுகமும் கப்பலை அண்டவிடவில்லை. பிறகு பயணம் போக ஆளில்லாமல் அதைக் கட்டிப்போட்டார்கள். இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அல்லாஹ்வின் படைப்பில் எது பெரிது, எது சிறிது என்று நான் அதிசயித்தேன்.

கப்பலில் அந்த நோய்க்குக் கணவனைப் பறிகொடுத்த வெளிநாட்டுப் பெண்ணொருவர் கம்பனிமீது வழக்குப் போட்டார். நோய் தொடங்கிய பிறகும் சாப்பாட்டு மண்டபம் திறந்திருந்ததா என்று இவரிடம் வீடியோவில் சாட்சி கேட்க ஏற்பாடானது. அதற்கு முதல்நாள், இவரைக் கப்பலுக்கு அனுப்பிய கொழும்பு ஏஜென்ட் போன் எடுத்தார்.

"புதுக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறாங்க. ஞாபகமில்லன்னு சொல்லிட்டா உங்களுக்கும் இடமிருக்கு."

எங்களுக்கு வேறு வருமானம் இல்லை. "என்னத்த சொல்லப் போறீங்க?" என்றேன் இவரிடம்.

"கப்பல்காரன் பொண்டாட்டி இப்படிப் பயந்தா கடலே சிரிக்கும்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் போனை அலுமாரியில் சாய்த்து வைத்தோம். திரையில் நீதிபதி, சட்டத்தரணிகள், ஓரத்தில் அந்தப் பெண். உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்கிறீர்களா என்று மொழிபெயர்ப்பவர் தமிழில் கேட்டார்.

"செய்றன். கை, முகம், கால் கழுவி வுழு எடுத்துட்டு வாறன். வுழு இல்லாம அல்லாட பேர்ல சத்தியம் செய்ய மனம் வராது."

ஒரு சட்டத்தரணி முகம் சுளித்தார். நீதிபதியோ, போய் வரட்டும் என்று கையை அசைத்தார்.

பைப்படியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கடலுக்கு அப்பால் அத்தனை பெரிய மனிதர்களும் பேசாமல் காத்திருந்தார்கள். எனக்கு உடம்பு புல்லரித்தது.

ஈரக் கையோடு வந்து சத்தியம் செய்தார். சமையற்கூடத் தலைவர் மண்டபத்தை மூடச் சொல்லிக் கேட்டதையும், மேலிடம் மறுத்ததையும் சொன்னார். "என்ட கையாலதான் அதுக்குப் பிறகும் சாப்பாடு குடுத்தன்" என்றார். அந்தப் பெண் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார்.

கம்பனி அந்தப் பெண்ணோடு சமரசத்துக்கு வந்துவிட்டதாம், கப்பலையும் விற்றுவிட்டதாம். ஏஜென்ட் பிறகு எடுக்கவேயில்லை.

"கப்பல் போயிட்டே" என்றேன் ஒருநாள்.

"படியளக்கிறவன் கப்பல்லயா இரிக்கிறான்?" என்று சொல்லிவிட்டு, டவுன் சாப்பாட்டுக் கடைக்குக் கொத்து ரொட்டி போடக் கிளம்பினார்.