மடை இல்லாத பட்டியல்

யுத்த காலத்தில் மதுரையில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பாசன இலாகாவின் பெரிய அதிகாரி ஒரு நாள் கூப்பிட்டனுப்பினார். சர்க்கார் அறிவிப்புகள் அப்போது இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ் என்று வரும். அவற்றிலிருந்து பாசனச் சொற்களைப் பிரித்தெடுத்து, குமாஸ்தாக்களுக்கு ஒரு பட்டியலும் குடியானவர்களுக்கு ஒரு பட்டியலும் தரச் சொன்னார்.

முதல் பட்டியலில் அறிவிப்பில் உள்ள சொல்லைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது உத்தரவு. கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் மடைக்கு மொழிபெயர்ப்பாளர் 'ஜல நிர்க்கம துவாரம்' என்று போட்டிருந்தார். நானும் அதையே எழுதினேன். மடை என்ற சொல் வலப்பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. இரண்டாவது பட்டியலுக்காக வண்டியூர்க் கண்மாய்க் கரையில் இரண்டு வாரம் நடந்து, ஒவ்வொரு சர்க்கார் சொல்லுக்கும் எதிரே ஆட்கள் சொல்வதை எழுதினேன்.

முதல் பட்டியல் அச்சாகி மேஜைக்கு மேஜை போயிற்று. இரண்டாவதற்குக் காகிதம் இல்லை என்றார்கள்.

மார்கழியில் நாகமலைப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் பத்திரிகை ஆபீசுக்கு வந்தார். அவர் ஊர்க் கண்மாயில் மடைப் பலகை உடைந்து தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. நெல் கதிர் விடும் தறுவாயில் நின்றது. பழுது பார்க்கக் கேட்ட மனு திரும்பி வந்திருந்தது. மூலையில் சிவப்பு மையில், 'அங்கீகரித்த சொற்களில் எழுதவும்.'

"பட்டியல் நீங்க போட்டதாமே அண்ணே. மடைன்னா அவுகளுக்குப் புரியலையாம். தண்ணிக்கு மட்டும் நல்லாப் புரியுது, அம்புட்டும் போகுது."

அவரோடு இலாகா ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா எனக்கு நாற்காலி போட்டார்.

"மடைன்னா எனக்குத் தெரியாதா சார்? எங்க ஊர்லயும் கண்மாய் இருக்கு. பட்டியல்ல இல்லாததை மேல அனுப்புனா என்னையத்தான் கேப்பாக." பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மனுவில் மடை என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே அந்த மூன்று சொற்களை எழுதி வாசித்துக் காட்டினேன்.

"இது எங்க கண்மாய்தானா?" என்றார் குடியானவர்.

மனு அன்றே ஏற்கப்பட்டது.

"எம்புட்டு நாளாகும்?"

"ஓவர்சியர் வந்து பாக்கணும்."

"அதுவரைக்கும் வைக்கோலை வச்சு அடைக்கிறேன். வாரேண்ணே."

எட்டாம் நாள் புதுப் பலகை போய்ச் சேர்ந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பே கண்மாய் வற்றிவிட்டது. கதிர் பாதியில் கருகிற்று.

அதிகாரியிடம் இரண்டாவது பட்டியலைப் பற்றிக் கேட்டேன். இனி அது எதற்கு என்றார். மனுக்கள்தான் இப்போது சரியான சொற்களில் வருகின்றனவே.