இரும்புப் பெண்ணுக்கு அழுத அப்பா

என் அப்பா சினிமா பார்த்து அழுதது ஒரே ஒரு முறை. அதுவும் ஓர் இரும்புப் பெண்ணுக்காக. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு இத்தனை வருடம் கழித்தும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எழுபதுகளின் தொடக்கம். இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பதினொன்றாம் வகுப்பு தேறியிருந்தேன். ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டதென்று வந்த கடிதம் அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தது. அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அப்பா, "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியும்.

அந்த வாரமே திடீரென்று, "டூரிங் கொட்டாயில மிஷின் பொம்பள படம் ஓடுதாம். அத்தையோட கெளம்பு கண்ணு" என்றார். வருடத்துக்கு ஒரு படம்கூடக் காட்டாத மனிதர். மனம் மாறிவிட்டது, பயிற்சிக்கு அனுப்பப் போகிறார் என்று நம்பினேன். எப்பேர்ப்பட்ட மடச்சி நான்.

எங்கோ வெளிநாட்டில் எடுத்து, தமிழில் பேச வைத்திருந்த படம். ஒரு டாக்டர் இரும்பில் ஒரு பெண்ணைச் செய்து வீட்டு வேலைக்கு வைத்திருக்கிறார். எதைச் சொன்னாலும் அவள் "உத்தரவு" என்று தலையாட்டுவாள். தோட்டத்தில் பிடில் வாசிக்கும் ஒருவனைப் பார்த்துப் பார்த்து அவளுக்குள் ஏதோ ஆகிவிடுகிறது. இது தெரிந்ததும் டாக்டர் அவளை வேறொரு பணக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட ஏற்பாடு செய்கிறார்.

கொட்டகையில் படம் ஓட்ட இருந்தது ஒரே மிஷின். ரீல் மாற்றும்போதெல்லாம் படத்தை நிறுத்தி விளக்கைப் போடுவார்கள். முதல் முறை விளக்கு வந்தபோது அத்தை என் முந்தானையைச் சரிசெய்தாள். இரண்டாம் முறை, "குனியாத. நிமுந்து உக்காருடி" என்றாள். மூன்றாம் முறைதான் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அப்பாவோடு முன்பின் தெரியாத மூன்று பேர் நின்று, நடுவிலிருந்த குட்டைச் சுவருக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவனுக்குப் புதுச் சட்டை.

"யாருத்தை அவுங்க?"

"கம்பைநல்லூர்க்காரங்க. பம்புசெட்டு, காடு எல்லாம் இருக்குது. சும்மா இரு, பாக்கறாங்க."

சந்தையில் மாட்டைப் பார்ப்பவர்கள்கூடப் பகலில் வந்து பார்ப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கடைசி ரீலில் வண்டி வந்து வாசலில் நிற்கிறது. டாக்டர் "ஏறு" என்கிறார். இரும்புப் பெண் அசையாமல் நிற்கிறாள். பிறகு, முதல் தடவையாக, "மாட்டேன்" என்கிறாள். கொட்டகையே கைதட்டியது. விசில் காதைக் கிழித்தது. டாக்டர் ஒயரைப் பிடுங்கியதும் அவள் கண்ணில் இருந்த விளக்கு மெல்ல அணைந்தது. ஆண்கள் பக்கத்தில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. அப்பாதான்.

திரும்பி நடக்கும்போதும் அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பாவம் அந்தப் புள்ள. இரும்பா இருந்தா என்னா, மனசுன்னு ஒண்ணு இருக்குதில்ல? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல அந்த டாக்டரு." அதே மூச்சில் என்னிடம், "மாப்ள வூட்ல புடிச்சுப் போச்சு கண்ணு. ஞாயித்துக்கெழம சாமியார்கிட்ட ஓலை எழுதிரலாம்" என்றார்.

"என்னைய ஒரு வார்த்த கேக்கலயேப்பா. அந்த லெட்டரு?"

"உன்னையக் கேக்கறதுக்கு என்னா இருக்குது?"

எங்கள் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். அதற்கு முன் இரண்டு வீட்டாரும் பங்குச் சாமியாரிடம் போய்ப் பெயர் எழுத வேண்டும். அதுதான் ஓலை எழுதுவது. சாமியார் பெண்ணை ஜெப மந்திரங்கள் சொல்லச் சொல்லிக் கேட்பார், பிறகு சம்மதமா என்று கேட்பார். எல்லாப் பெண்களும் கேள்வி முடிவதற்குள் தலையாட்டிவிடுவதால், அவரும் எழுதிக்கொண்டேதான் கேட்பது வழக்கம்.

விசுவாசப் பிரமாணத்தைத் தப்பில்லாமல் சொன்னேன். "முழு மனசோட சம்மதமாம்மா?" என்று நோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இல்லிங்க சாமி."

பேனா நின்றது. "என்னம்மா சொன்ன?"

"சம்மதம் இல்லிங்க. நான் டீச்சர் ட்ரெயினிங்கு போவணும்."

இங்கே யாரும் கைதட்டவில்லை. சாமியார் எரிச்சலோடு நோட்டை மூடினார். "பொண்ணு சம்மதம் இல்லாம நான் எழுதக் கூடாது. போயிட்டு வாங்க" என்றார். புதுச் சட்டைக்காரனும் அவன் வீட்டாரும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனார்கள். கோயில் படி இறங்கியதும் அப்பா என் கன்னத்தில் அறைந்தார். கொட்டகையில் தட்டிய அதே கை.

"எல்லாம் அந்தப் பாழாப்போன படத்தப் பாத்ததால வந்தது" என்றாள் அத்தை.

"படத்தச் சொல்லாத. அது நல்ல படம்" என்றார் அப்பா.

அந்தக் கடிதத்தோடும் ஒரு தகரப் பெட்டியோடும் அம்மாதான் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். அப்பா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், என் சம்பளத்தில் வாங்கிய வேட்டியைக் கட்டினார். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் படத்தின் கதையைச் சொல்லுவார். "மாட்டேன்" வரும் இடத்தில் அவர் கை துண்டைத் தேடும். என் கதையை ஒரு நாளும் சொன்னதில்லை.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டேன். "அது மாட்டேன்னு சொன்னப்ப கை தட்டினீங்க. நான் சொன்னப்ப அறைஞ்சீங்க. ஏம்ப்பா?"

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அதுக்கு யாரு இருந்தா? உனக்குத்தான் நாங்க இருந்தமே."

அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை.