காற்று இல்லை என்று வைத்துக்கொள்வோம்

இயற்பியல் வாத்தியார் பிழைப்பே, இருப்பதை இல்லை என்று சாதிப்பதுதான். சாக்பீஸ் தூளில் இருமும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தேன். தலைமையாசிரியர் ஃபாதர் ஒருநாள் என் வகுப்பை வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம்.

மொட்டைமாடிப் பாடம்

எடை எதுவானாலும் எல்லாம் ஒன்றாகவே விழும் என்று ப்ளஸ் டூ மாணவர்களிடம் அடித்துச் சொல்லிவிட்டு, மாடியிலிருந்து இரும்புக் குண்டையும் கசக்கிய காகிதத்தையும் சேர்த்துப் போட்டேன். குண்டு மண்ணில் புதைந்த பிறகு காகிதம் சாவகாசமாக வந்து சேர்ந்தது. கீழே நின்ற பி.டி. மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார்.

"சார், காத்துக்கு இன்னைக்கு லீவுன்னு சொல்லலியா?"

சாணார்பட்டிக் கிணறு

மாணவன் ஒருவனின் அப்பா அந்தோணிச்சாமி, சாணார்பட்டியில் மல்லிகை போட்டிருந்தார். மோட்டாருக்குப் பைப் வாங்க வேண்டும், தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்று கேட்டார். விடுவேனா? கிணற்றில் கல்லைப் போட்டேன். சத்தம் கேட்க ஒன்றரை வினாடி. ஆக முப்பத்தாறு அடி என்று கெத்தாக அறிவித்தேன். அவர் கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிகளைக் காட்டினார்.

"நீங்க போட்ட கல்லு படிக்கல்லுல விழுந்துச்சு சார். தண்ணி இன்னும் அம்புட்டுத் தூரம் கீழ கெடக்கு."

ஃபாதர் வந்த நாள்

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பும் பஸ்ஸிலேயே உற்சாகம் தொற்றிக்கொண்டது. குறுக்கே வருவதை ஏன் ஒதுக்க வேண்டும்? அதையே பாடமாக்கினால்? பேக்கரியில் கப் கேக்குக்கு வைக்கும் காகிதக் கப் ஒரு கட்டு வாங்கினேன். காற்றின் தடையும் கப்பின் எடையும் சரிக்குச் சரி ஆகிவிட்டால் அதற்குமேல் வேகம் ஏறாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், ஆகவே நாலு கப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் அந்த வேகம் இரண்டு மடங்கு. அப்படியானால் ஒற்றைக் கப்பை முதல் மாடியிலிருந்தும், நாலு கப்பை இரண்டாம் மாடியிலிருந்தும் விட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் விழ வேண்டும்!

ஃபாதர் படிக்கட்டின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளிக்காற்று வராமல் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, படிக்கட்டின் நடு இடைவெளியில் கப்புகளை விட்டோம். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. வகுப்பு மொத்தமும் கூச்சல் போட்டது, நானும்தான். ஃபாதர் எழுந்து கப்புகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தார்.

"இன்னொரு தடவ போடுங்க சார், நான் சரியாப் பாக்கல. வேலை ஆர்டர சாயந்திரம் வந்து வாங்கிக்கலாம்."

அந்த இரண்டாவது தடவை ஒரு கப் அரை வினாடி பிந்திவிட்டது. ஃபாதர் சொன்ன சொல் மாறாததால் என் வேலை மட்டும் நிரந்தரமானது, மற்றதெல்லாம் இன்றுவரை தோராயம்தான்.