பிறந்த ஊர் கேட்ட கம்ப்யூட்டர்

ஓடிப்போனாளா? யார், நம்ம ஜானகியா? கோட்டூர்புரம் அடுக்குமாடிக் குழாயடியில் இசக்கியம்மாள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாளே: "டியர் ஜானகின்னு எழுதிக்கீறாம்மா ஒருத்தன்! எட்வினாம் பேரு. இது டெய்லி அடையாறு போய் அவனுக்குப் பதில் போட்டுக்கினு இருந்துச்சு."

போட்டாள், அதற்கென்ன! எட்வின் சிங்கப்பூரில் ஒரு நூலகத்துக்கு மேலாளர். இங்கிலீஷில் கரண்ட் ஆபீஸுக்கு எழுதினாலும் டியர்தான். அது கிடக்கட்டும், அவளுக்கு வந்த கடிதத்தைப் படித்தது யார்? அதைக் கேட்கத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. நூலகப் படிப்பு முடித்து இரண்டு வருஷம் வேலைக்கு அலைந்தவளுக்கு, அடையாறில் ஷரஃபுதீன் பாயின் பிரவுசிங் சென்டரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது பாருங்கள் ஒரு மெயில்! வேலை தயார், வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுது என்று. ஜானகிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அம்மாவிடம் சொல்லப் பறந்தாள்.

வியாழக்கிழமை சம்மதம் எழுதப் போனால், பாஸ்வேர்ட் தப்பு என்கிறது கம்ப்யூட்டர். நாலு தரம் அடித்தாள். தப்பு, தப்பு.

"பதறாதம்மா. பாஸ்வேர்ட் மறந்தவங்ககிட்ட அது ஒரு கேள்வி கேக்கும், பதில் சொல்லு" என்றார் பாய்.

பிறந்த ஊர் எது என்று கேட்டது. மன்னார்குடி என்றாள். சட்டென்று திறந்துகொண்டது.

"இவ்ளோதானா பாய்? ஊர் தெரிஞ்சா யார் வேணா உள்ள வரலாமா?"

வந்துதான் இருந்தார்கள். அவள் பெயரில் எட்வினுக்கு ஒரு மெயில் போயிருந்தது. இனி எனக்கு எழுத வேண்டாம், நான் கௌரவமான குடும்பத்துப் பெண், 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று. அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் ஜானகி எழுந்தே விட்டாள். மோட்டார் ரிப்பேரானாலும் தண்ணீர் நின்றாலும், குடியிருப்புச் சங்க நோட்டீஸ் எல்லாம் அப்படித்தான் முடியும்! செயலாளர் அனந்தராமன் எழுதுவது. செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பிறகு அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவரும் அவர்தான் என்றார் பாய். மெயில் மூடியிருந்தாலும் அவள் முகவரி மட்டும் திரையிலேயே நின்றிருந்தது. பிறந்த ஊர், சங்க ரெஜிஸ்டரில் இருந்தது. அதைச் சொல்லி நுழைந்து, பாஸ்வேர்டையும் மாற்றியிருக்கிறார்.

"கேட்டா நெசத்தத்தான் சொல்லணுமா? பொறந்த ஊரு வெண்டைக்கான்னு போடு. எவன் கண்டுபுடிக்கிறான் பாப்போம்!" என்றார் பாய்.

போட்டாள். பாஸ்வேர்டை மாற்றினாள். எட்வினுக்கு நடந்ததை அப்படியே எழுதி, வேலைக்குச் சம்மதம் என்றும் எழுதினாள். 'லாக் அவுட்' அழுத்தி, மன்னார்குடி என்றால் இனித் திறக்காது என்று சோதித்துவிட்டு, நேரே அனந்தராமன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"உன் நன்மைக்குத்தாண்டி எழுதினேன். உங்காத்துல தெரிஞ்சா என்ன ஆறது?"

"ஆத்துல எல்லாருக்கும் தெரியும் மாமா. என் லெட்டரைப் பிரிக்க நீங்க யாரு?"

"கவர் ஒட்டியிருந்தா பிரிச்சிருப்பேனா?"

"ஒட்டித்தான் இருந்தது. நான்தான்னு பொய் சொல்லித் திறந்தேள்!"

மூன்று மாடிக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது: சிரித்தோம், வா. ஜானகி போட்ட கூச்சலில் சென்டரே கை தட்டியது.

விசா வந்த மறுவாரம், அப்பா ஆட்டோவோடு கீழே நிற்க, அம்மா "மெதுவாடி!" என்று பின்னால் கூவ, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, காலை பத்து மணி வெயிலில் ஜானகி வாசலைத் தாண்டினாள்.