பெனால்டி நேரத்தில் வெங்காயத்துக்கு இறைத்தவன்

என் மகள் நாட்டின் இளையோர் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் கோல் கீப்பர். எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் இதைக் கேட்பவர்கள் முதலில் அவளைப் பாராட்டுவார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணை, உங்களுக்கு இப்ப பரவாயில்லையோ?" என்று நலம் விசாரிப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அங்கே அவள் பந்துக்குப் பாய்ந்தால், இங்கே நான் இருக்கிற கதிரையோடு பாய்வேன்.

போன வருஷம் நேபாளத்தில் ஒரு சர்வதேசப் போட்டிக்குப் போயிருந்தாள். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் விட்டுவிட்டாள். இரண்டாம் ஆட்டத்தன்று காலை போனில், "இண்டைக்கும் விட்டால் அடுத்த மட்சுக்கு மற்றப் பிள்ளையைத்தான் போடுவினமாம்" என்றாள். அவள் அதைச் சொல்லிவிட்டு வயிறாரச் சாப்பிடப் போனாள். இடியப்பம் இறங்காமல் இருந்தது எனக்குத்தான்.

பின்னேரம் அயலட்டை முழுக்க எங்கள் டிவிக்கு முன்னால். எங்கள் அணி ஒரு கோல் முன்னுக்கு நின்றது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்க, நடுவர் விசிலை ஊதி எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார்.

நான் எழும்பினேன். "தோட்டத்திலை வெங்காயம் வாடுது."

"காலமைதானே இறைச்சனீங்கள்?" என்றாள் மனைவி.

பதில் சொல்ல நான் அங்கே இல்லை. கிணற்றடிக்கு ஓடி மோட்டரைப் போட்டேன். அது போடுகிற இரைச்சலில் இமயமலையே சரிந்தாலும் கேட்காது. ஒரு கோல் எம்மாத்திரம்? ஆனால் அந்த இரைச்சலையும் மீறி வீட்டுக்குள்ளிருந்து "ஐயோ!" என்று ஒரு குரல் எழும்பியது. பத்துப் பேரின் ஐயோ. சரி, பிள்ளை விட்டிட்டுது என்று வாய்க்கால் தண்ணீருக்குள்ளேயே குந்திவிட்டேன்.

மனைவி ஓடி வந்தாள். "இஞ்சேரப்பா! ஆரைக் கேட்டு மோட்டரைப் போட்டனீங்கள்? அந்தப் பெட்டை அடிக்கக் காலைத் தூக்கினவள், டிவி நிண்டுபோச்சு!"

மோட்டரைப் போட்டால் கரண்ட் ஒருக்காப் படுத்து எழும்பும். டிவிக்குப் படம் கொண்டுவரும் வைஃபைப் பெட்டி மட்டும் எழும்ப ஐந்து நிமிஷம் எடுக்கும். டிவி பார்க்கும்போது மோட்டரில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவனும் நான்தான்.

இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு உள்ளே போனேன். பக்கத்து வீட்டுத் தம்பி, "அண்ணை, நீங்கள் எந்த நாட்டுக்கு விளையாடுறியள்?" என்று கேட்டான். பெட்டியில் சிவப்பு வெளிச்சம் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அது பச்சையாகி, ஆட்டம் முடிந்த வெறும் மைதானம் டிவியில் தெரிந்து, கடைசியில் மகளின் அழைப்பு வந்தது. எல்லாருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா, பிடிச்சிட்டன்! அடுத்த மட்சும் நான்தான்! பாத்தனீங்களோ?"

பத்துப் பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"பாக்காமல் என்ன? வலப்பக்கம் என்ன பாய்ச்சல் பாய்ஞ்சனீ! மீன்கொத்தி மாதிரி!"



"நான் பாயவேயில்லை, அப்பா. அசையாமல் நடுவிலை நிண்டனான். பந்து நேரை நெஞ்சிலை வந்து அடிச்சது."

பக்கத்து வீட்டுத் தம்பி சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நெஞ்சிலையோ? எந்தப் பக்கம்? மூச்சு விட ஏலுதோ? அங்கை டொக்டர் ஆரும் நிக்கினமோ? போனை அவையிட்டைக் குடு, பிள்ளை!"