ஐவி சக்டனின் வினைச்சொல்

ஆங்கில அகராதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, கை கழுவும் தொட்டியருகேதான் ஐவி சக்டன் என்ற பெண்மணியை முதன்முதலாகப் பார்த்தேன். சொற்களுக்கான மேற்கோள் சீட்டுகளைத் தொடப்போகிற எவரும் அவரிடம் இரண்டு கைகளையும் புரட்டிக் காட்ட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

"பட்டம் வாங்குன கையா இது? நகத்துல உருளைக்கிழங்கே விளையும் போலிருக்கு. போங்க தம்பி, மறுபடி கழுவிட்டு வாங்க."

எங்கள் கிராமத்தின் முதல் பட்டதாரி நான். அறையே சிரித்தது.

ஐவிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பதினாலு வயதில் கம்பளி மில்லுக்கு நூல் முடிச்சுப் போடப் போனவர். பகலெல்லாம் தறிச் சத்தம், மாலையில் பள்ளி என்று பழைய ஆங்கிலத்தையும் வைக்கிங்குகளின் மொழியையும் கற்றுக்கொண்டவர். பட்டம் மட்டும் கிடையாது.

பதினோரு வருடமாக அவர் கையில் இருந்தது ஒரே ஒரு வினைச்சொல்: டேக், அதாவது 'எடு'. அதற்குப் பதினான்காயிரம் சீட்டுகள், சீட்டுக்கு ஒரு பழைய வாக்கியம். தேநீர் பருகவும் அந்தச் சொல்தான், கோட்டையைப் பிடிக்கவும் அதுதான். பெண் கொள்ளவும், சளி பிடிக்கவும், கோபித்துக்கொள்ளவும், ஒருவன் உயிரைப் போக்கவும் அதே சொல். எந்தப் பொருள் தாய், எது அதன் பிள்ளை என்று பிரித்து, மில் நூலால் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். முதலில் தொடுவது, அப்புறம் பிடிப்பது, அப்புறம் தனதாக்கிக்கொள்வது. அந்தச் சொல் வளர்ந்த வழி அதுதான் என்பது அவர் கணக்கு.

அவரிடம் இரக்கம் என்ற பேச்சே கிடையாது. பெரிய கல்லூரியில் படித்துவிட்டு வந்த கிளிஃபர்ட் ரெய்னர் ஒருநாள் ஒரு சீட்டைத் தவறான கட்டில் வைத்துவிட்டார். தேநீர் வேளையில் அவரை எழுப்பி நிறுத்தி, அதை உரக்கப் படிக்க வைத்தார் ஐவி.

"கேட்டீங்களா எல்லாரும்? சளி பிடிக்கிறதும் வண்டி பிடிக்கிறதும் ஐயாவுக்கு ஒண்ணுதானாம். அவங்க அப்பா எத்தனை பவுன் கொட்டிப் படிக்க வச்சாரோ, பாவம்!"

ரெய்னரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

ஐவிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெரிய வினைச்சொல்லை முடித்தவரின் பெயரை முன்னுரையில் ஒரு வரி அச்சிடுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். பட்டமில்லாத ஒருவரின் பெயர் அதில் வந்ததேயில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் பதினோரு வருடமும்.

மிச்சமிருந்தது சொல்லின் பிறப்பு. எடுத்தல் என்பதற்கு ஆங்கிலேயர்களிடம் 'நிமன்' என்று சொந்தச் சொல் இருந்தது. கொள்ளையடிக்க வந்து குடியேறிய வைக்கிங்குகளின் 'டாகா' அதைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. ஆனால் எழுத்தில் அது தலை காட்டுவது பதினோராம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான். இருநூறு வருடம் சனங்களின் வாயில் புழங்கிய சொல்லுக்கு ஓர் எழுத்துத் தடயமும் இல்லாமலா போகும் என்று ஐவி மருகிக்கொண்டே இருந்தார்.

ஒரு மார்ச் மாதம் அந்தத் தடயம் தபாலில் வந்தது. தட்டச்சு செய்த சீட்டு. ஹாக்ஸ்வித் என்ற ஊரின் சர்ச்சுப் பெட்டியில் இருக்கும் நிலப் பத்திரத்தில் அந்தச் சொல், நூறு வருடம் முன்னதாகவே! ஐவி அதை மூன்று முறை படித்தார். இருந்தாலும் முறையை அவர் மீறவில்லை. மூலத்தை இன்னொருவர் நேரில் பார்த்துச் சிவப்பு டிக் போட்டால்தான் எந்தச் சீட்டும் உள்ளே வரும். டிக் போட்டவர் பெயர் எழுதுவதில்லை. எழுதச் சொல்வது அவரை அவமதிப்பதாகும். அந்த மாதம் ரெய்னரின் முறை. போனார், நனைந்து வந்தார், டிக் போட்டார். ஐவி அந்தச் சீட்டையே முதல் சான்றாக வைத்து முதல் பத்தியை எழுதினார். அது அச்சுக்குப் போய், பிழை திருத்துவதற்கான படியாகத் திரும்பி வந்தது.

வெளியூர் அறிஞர்கள் வந்திருந்த நாளில், தலைமை ஆசிரியர் டாக்டர் லாங்ஸ்டாஃப் அந்தத் தாளோடு தேநீர் அறைக்குள் வந்தார்.

"ஹாக்ஸ்வித்ல அந்த சர்ச் எங்க இருக்கு, மிஸ் சக்டன்?"

"ஊர் நடுவுல இருக்கும், டாக்டர்."

"நான் போய்ப் பாத்தேன். ஊர் நடுவுல ஒரு மாட்டுக் குளந்தான் இருக்கு. சர்ச் எரிஞ்சு எழுபது வருஷமாச்சாம்."

ஐவி ரெய்னரின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே போனீங்க? மழையில நனைஞ்சுட்டேன்னு என் துண்டுலதானே தலை துவட்டுனீங்க?"

ரெய்னர் கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தார். "நானா? எந்த டிக் அம்மணி என்னோடது? பேர் போட்டிருக்கா? சளி பிடிக்கிறதுக்கும் வண்டி பிடிக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதவன நம்பியா இவ்வளவு பெரிய வேலையக் குடுப்பீங்க?"

அறை வெடித்துச் சிரித்தது. சீட்டைத் தட்டச்சு செய்தவர் ரெய்னர்தான் என்பது எங்களில் ஏழு பேருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் நகத்து மண்ணை நான் மறந்திருக்கவில்லை. சீட்டு போலி என்ற செய்தி டாக்டருக்கும் மூன்று வாரம் முன்பே போயிருந்தது. பட்டமில்லாதவள் பெயரை எப்படி அச்சிடுவது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

ஐவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் எழுப்பி நிறுத்திச் சிரித்த முகங்கள். எவரிடமும் கேட்க அவருக்கு ஒன்றுமில்லை. கழுத்தில் தொங்கிய சீட்டுப் பெட்டிச் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நூல இறுக்கிக் கட்டியிருக்கேன். பிரிக்கிறப்போ அறுத்துடாதீங்க" என்றார்.

வேலை ரெய்னருக்குப் போனது. முதல் பத்தியை மட்டும் நீக்கிவிட்டு, மற்றதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். முன்னுரையில் அவர் பெயர் இருக்கிறது. கட்டுகளைப் பிரித்தபோது நூலையெல்லாம் கத்தரியால் வெட்டினார்கள்.

ஐவி சக்டன் இப்போது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். வருகிற தபால் உறைகளைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்குவது அவர் வேலை. யார் கையையும் அவர் பார்ப்பதில்லை.