பச்சைக் கட்டத்துக்குள் நின்ற ஆள்

இது நடந்தது. நெடுந்தீவில், போன வருடம், வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில். நடந்ததெல்லாம் பட்டப்பகலில். வெயில் கல்மதிலில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிற உச்சி நேரத்தில், ஒழுங்கையில் ஒரு நாய்கூட நடமாடாத நேரத்தில். யசோதரா இதை இரண்டே இரண்டு பேருக்குத்தான் சொல்லியிருக்கிறாள். படங்கள் இன்னும் அவளுடைய போனில் இருக்கின்றன. ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

யசோதரா தீவுப் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறாள். புருசன் அனுசன் கடலுக்குப் போகிறவன். இரண்டு வருடத்துக்கு முன் மோட்டச்சைக்கிளுக்குக் குறுக்கே மாடு பாய்ந்து, விழுந்து, தலையில் அடிபட்டது. உயிர் தப்பினான். ஆனால் வலிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. கடலை விட்டான். சைக்கிளையும் விட்டான். வலிப்பு வரும்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், உடனே ஒரு பக்கமாய்ச் சரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு அடைத்துவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் இல்லை. பகலில் யசோதரா பாடசாலையில். அவன் தனிய.

அதனால்தான் அந்தக் கமராவைச் செய்தாள்.

கனடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. அதில் சின்னக் கமரா ஒன்றைத் தட்டையான பட்டிவயரால் பூட்டி, சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குள் அடக்கி, படுக்கை அறை அலுமாரிக்கு மேல் வைத்தாள். படத்தில் இருப்பது என்னவென்று அடையாளம் காணும் மென்பொருள் ஒன்றையும் போட்டாள். மனிதரைக் கண்டால் அது சுற்றிவரப் பச்சைக் கட்டம் கீறும். மேலே ‘ஆள்’ என்று எழுதும். கதிரைக்குக் ‘கதிரை’, கட்டிலுக்குக் ‘கட்டில்’. எத்தனை ஆள் என்று மூலையில் எண்ணிக்கையும் காட்டும். எண்ணிக்கை மாறினாலோ, கட்டிலில் இருக்கும் கட்டம் நடுங்கினாலோ அவளுடைய போன் அதிரும். அவள் பக்கத்து வீட்டு றோசம்மாவுக்குச் சொல்வாள். றோசம்மா வேலியில் விட்ட இடைவெளிப் பொட்டுக்குள்ளால் ஓடிப்போய்விடுவா.

முதல் மாதத்திலேயே இரண்டு தரம் அப்படி அவன் தப்பினான்.

வைகாசியில் ஒருநாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது.

ஆள்: 2.

றோசம்மா போயிருப்பா என்று நினைத்துப் படத்தைத் திறந்தாள். கட்டிலில் அனுசன் படுத்திருந்தான். அவனைச் சுற்றி ஒரு கட்டம். இன்னொரு கட்டம் வாசலில் இருந்தது. உயரமாய், ஒடுக்கமாய், ஒரு ஆள் நிற்கிற அளவில். அதற்குள் வாசல் சீலை மட்டும் தொங்கியது.

இப்படிப் பிழைவிடுவது வழமைதான் என்று அவளுக்குத் தெரியும். சீலையின் மடிப்பு ஆளைப்போலத் தெரிந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் சீலையைக் கழற்றினாள்.

அடுத்த நாளும் வந்தது. வெறும் வாசலில் நின்றது.

நிழலாய் இருக்கும் என்று யன்னலைச் சாத்தினாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கலண்டரைக் கழற்றினாள். லென்சைத் துடைத்தாள். பட்டிவயரை மாற்றினாள், மெமறி காட்டை மாற்றினாள், மின்சாரம் கூடிக் குறைவதாய் இருக்கலாம் என்று பற்றரியில் ஓடவிட்டாள். எல்லாவற்றையும் அழித்து முதலில் இருந்து போட்டாள். பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய்ப் பாடசாலையில் இரண்டு நாள் ஓடவிட்டாள். அங்கே ஒரு பிழையும் இல்லை. கதிரைகளைக் கதிரை என்றது, பிள்ளைகளை ஆள் என்றது. திரும்ப அறைக்குள் வைத்தாள். பத்து நிமிடத்தில் அதிர்ந்தது.

இந்தமுறை கட்டம் வாசலில் இல்லை. அறைக்கு நடுவில் நின்றது.

தம்பியைக் கேட்டாள். நிச்சயமாய்த் தெரிந்தால் மட்டும் கட்டம் கீறும்படி இறுக்கிவிடச் சொன்னான். இறுக்கினாள். இருட்டுப்படும் நேரங்களில் அனுசனைக்கூடச் சிலவேளை அது விட்டுவிட்டது. அந்த மற்றக் கட்டத்தை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் அது கட்டிலின் தலைமாட்டில் நின்றது. நேரம் 12.05. அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுசனின் கட்டம் நடுங்கத் தொடங்கியது...

றோசம்மா ஓடிப்போய்ப் பிடித்தா. அன்று பின்னேரம் யசோதரா பழைய பதிவுகளை எல்லாம் திறந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். வைகாசியில் இருந்து வந்த வலிப்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால் அது உள்ளே வந்திருந்தது. வந்து ஐந்து நிமிடம், சிலவேளை பத்து நிமிடம். பிறகுதான் வலிப்பு.

அனுசனுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கமராவைத் திருத்துவதையும் விட்டுவிட்டாள். அது எதுவாகவும் இருக்கட்டும், அது வந்தால் வலிப்பு வரும் என்று முன்கூட்டியே தெரிகிறதே. மனிசன் பிழைத்தால் போதும். கட்டம் தெரிந்த உடனே றோசம்மாவைக் கூப்பிட்டாள். றோசம்மா போய்ப் பக்கத்தில் இருந்தா. இந்தப் பிழை இப்படியே இருந்துவிட வேண்டும் என்று கோயிலில் நின்று கும்பிட்ட ஒரே கணினி ரீச்சர் அவளாகத்தான் இருப்பாள்.

ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை. 12.15.

ஆள்: 2.

வாசலில் இல்லை. நடுவில் இல்லை. தலைமாட்டிலும் இல்லை. இரண்டு கட்டமும் கட்டிலில் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று.

அவள் றோசம்மாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். அதற்கிடையில் போன் அதிர்ந்தது.

ஆள்: 1.

அப்பாடா என்று மூச்சை விட்டாள். அது போய்விட்டது. படத்தைப் பெரிதாக்கினாள்.

கட்டம் கட்டிலின் கால்மாட்டில் நின்றது. அதற்குள் வெறும் சுவர்.

அனுசன் கட்டிலில்தான் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. அவனைச் சுற்றி ஒன்றும் இல்லை. ‘கட்டில்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

பாடத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினாள். பாடசாலை வாசலில் நிற்கும்போதே றோசம்மா திரும்ப எடுத்தா. ரீச்சர் பதற வேண்டாம், நான் இப்போது பக்கத்தில்தான் நிற்கிறேன், அனுசன் தம்பி எழும்பி இருந்து தேத்தண்ணி கேட்கிறார் என்றா.

அன்றைக்குப் பிறகு அனுசனுக்கு வலிப்பு வரவில்லை.

ஒருநாள்கூட வரவில்லை. தானே கிணற்றில் அள்ளிக் குளித்தான். இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான். கையில் நடுக்கம் இல்லை. ஊர்ச்சனம் கடவுள் கண் திறந்துவிட்டார் என்றது. யசோ என்று கூப்பிடுகிறவன் இப்போது யசோதரா என்று முழுப்பெயர் சொன்னான். சண்டை பிடிக்கவில்லை. உப்புக் கூடினாலும் குறைசொல்லவில்லை. அவளுக்கு அது சந்தோசமாய் இருந்திருக்க வேண்டும்.

கமரா மட்டும் அவனை ஆள் என்று சொல்லவே இல்லை.

அவன் கதிரையில் இருந்தான். ‘கதிரை’ என்று எழுதியது. யாரும் இல்லாத கதிரைக்கு எழுதுவதுபோல. அவள் போய் நின்றாள், பச்சைக் கட்டம் கீறியது. றோசம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைத்தாள், கீறியது. யன்னலால் தலையை நீட்டிய மாட்டுக்குக்கூட ‘மாடு’ என்று கீறியது. பட்டிவயரை மாற்றினாள். மெமறி காட்டை மாற்றினாள். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். முதல் தரம் செய்ததை எல்லாம் திரும்பச் செய்தாள்.

மற்றக் கட்டம் போகவில்லை. அறைக்குள்ளேயே நின்றது. சுவரோடு ஒட்டி, மூலையில். தன் வீட்டில் இருக்க இடம் இல்லாத ஒருவன் நிற்பதுபோல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் கிணற்றடியில் நிற்கிற நேரம் பார்த்து அறைக்குள் போனாள். போனில் படத்தைத் திறந்தாள். ஆள்: 2. ஒன்று அவள். மற்றது அவளுக்கு முன்னால், கை எட்டுகிற தூரத்தில். அந்த இடத்தில் காற்றுக்கூட அசையவில்லை. மெல்லக் கேட்டாள்.

“நீங்களோ?”

கட்டம் அசையவில்லை.

“இஞ்சாருங்கோ... நீங்களோ இது?”

“ஆரோட கதைக்கிறீர்?”

வாசலில் அனுசன் நின்றான். தலை துவட்டாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட.

“ஒருத்தரோடையும் இல்லை,” என்றாள்.

கையில் இருந்த திரையைப் பார்த்தாள். வாசலில் கட்டம் இல்லை. முன்னால் நின்ற கட்டமும் அங்கே இல்லை. அது அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. அவளோடு ஒட்டி. ஒளிந்துகொண்டு.

அனுசன் அலுமாரிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தான்.

“எனக்குச் சுகம்தானே, யசோதரா. இனி உது என்னத்துக்கு? கழட்டி வையும்.”

கழற்றுகிறேன் என்றாள். கழற்றவில்லை. அலுமாரிக்கு மேல் இரண்டு பழைய சூட்கேசை வைத்து, இடையில் அதை மறைத்தாள். கழற்றினால் அந்த மூலையில் நிற்பதை இனிக் காணவே ஏலாது. அந்த நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை.

ஆவணியில் கிளினிக் நாள் வந்தது. விடிய முதல் படகில் இருவரும் குறிகட்டுவானுக்குப் போய், பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனார்கள். தலைக்கு வயர் பூட்டிப் பார்த்தார்கள். டொக்டர் பழைய ரிப்போட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நல்ல சேதி அம்மா. ஒரு குறையும் இல்லை. ரெண்டையும் பாத்தால் வேற வேற ஆக்களின்ர மாதிரிக் கிடக்கு.”

அனுசனும் சிரித்தான்.

மருந்து எடுக்கிற வரிசைக்குப் பக்கத்தில், நீள மர வாங்கில் இருந்தார்கள். 12.20. போன் அதிர்ந்தது.

ஆள்: 1.

வீடு பூட்டிக் கிடக்கிறது. அனுசன் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறான். அவள் எழும்பி, தண்ணீர் குடிக்கப் போவதாய்ச் சொல்லி, தூணுக்குப் பின்னால் போய்ப் படத்தைத் திறந்தாள்.

கட்டிலில் ஒருவரும் இல்லை. காலையில் அவள் விரித்த விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன்மேல் நீளமாய் ஒரு பச்சைக் கட்டம் கிடந்தது.

அது நடுங்கியது.

அந்த நடுக்கம் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாய்க் கையில் பிடித்த நடுக்கம். றோசம்மாவுக்கு அடித்தாள்.

“றோசம்மா அக்கா, திறப்பு குசினி யன்னலுக்கு மேல கிடக்கு. அறைக்குள்ள ஓடுங்கோ.”

“ஏன் ரீச்சர்? நீங்கள் ரெண்டு பேரும் யாழ்ப்பாணமெல்லே?”

“ஓடுங்கோ அக்கா.”

செருப்புச் சத்தம். பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம். திரையில் றோசம்மாவின் கட்டம் வந்தது. ஆள்: 2.

“ஒருத்தரும் இல்லையே, ரீச்சர்.”

“கட்டிலில... தலையை ஒரு பக்கமாத் திருப்பிவிடுங்கோ.”

“ஆரின்ர தலையை?”

“திருப்புங்கோ அக்கா. மூச்சு அடைக்கப் போகுது... திருப்புங்கோ...”

பிறகு றோசம்மா சின்னக் குரலில் மாதாவைக் கூப்பிட்டா. திரையில் அவவின் கட்டம் குனிந்தது. கை நீண்டது.

மற்றக் கட்டம் நடுங்கியது.

நடுங்கியது...

நின்றது.

ஆள்: 1.

“ரீச்சர்?” என்றா றோசம்மா.

யசோதரா தூணைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். ஆரோ தோளில் கை வைத்தார்கள். நிமிர்ந்தாள். மருந்துப் பையோடு அனுசன் நின்றான்.

“போவமே?” என்றான்.

பின்னேரப் படகில் திரும்பினார்கள். றோசம்மா வேலிப் படலையடியில் காத்து நின்றா. அனுசன் உள்ளே போகும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு யசோதராவைத் தன் வளவுக்குள் கூட்டிப்போனா. குனிந்து கை வைத்த இடத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். ஆனால் உள்ளங்கையில் பாரம் இருந்ததாம். சூடும் இருந்ததாம். ஒரு பக்கமாய்த் திருப்பினவவாம். பிந்திவிட்டதாம்.

அந்தக் கட்டிலில் இருந்து எடுத்துவந்து ஒளித்து வைத்திருந்த தலையணையைக் காட்டினா. நடுவில் குழி விழுந்து, எச்சில் ஊறி ஈரமாய் இருந்தது. ஈரத்துக்குள் கொஞ்சம் இரத்தம்.

வலிப்பில் அனுசன் நாக்கைக் கடிப்பான். ஒவ்வொரு தரமும் இடது ஓரத்தில்தான். கடிபட்டுக் கடிபட்டு அந்த இடம் பிளந்து, பொருந்தாமல், மறுபடி பிளந்து, தழும்பாய்த் தடித்துப் போயிருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

இராச்சாப்பாட்டுக்கு இருக்கும்போது, நாக்கில் ஏதோ நிறமாய்க் கிடக்கிறது, காட்டுங்கோ பார்ப்பம் என்றாள். அவன் சிரித்துக்கொண்டு, சின்னப்பிள்ளைபோல, முழு நாக்கையும் நீட்டிக் காட்டினான்.

இரத்தம் இல்லை. காயம் இல்லை.

தழும்பும் இல்லை.